நடுவில் எங்கே நின்றாய்?

இப்போதெல்லாம் எவனும் நேரத்துக்கு வருவதில்லை. வராததற்கு ஒரு காரணத்தை மட்டும் கையோடு கொண்டுவருகிறான். முன்பு தாமதமாக வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு வருவான். இப்போது போனை நீட்டிக்கொண்டு வருகிறான். மழை என்கிறான், நெரிசல் என்கிறான், சிக்னல் கிடைக்கவில்லை என்கிறான். நம்பவில்லை என்று சொன்னால் நம்மைக் கெட்டவன் என்கிறான். பெற்ற அப்பன் சாவுக்கு வருகிறவன்கூட அப்படித்தான் ஆகிவிட்டான்.

நான் லாரி ஷெட்டில் வண்டி அனுப்பி வாங்குகிற வேலை பார்த்தே தலை நரைத்தவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு கணக்கு தெரியும். தூரம் இத்தனை, வண்டி ஓடுகிற வேகம் இத்தனை, அப்படியானால் நேரம் இத்தனை. அதற்கு மேல் எடுத்துக்கொண்டவன் நடுவில் எங்கேயோ நின்றிருக்கிறான். தூங்கியிருப்பான், குடித்திருப்பான், எவள் வீட்டிலாவது கை நனைத்திருப்பான். வண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் டிரைவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "நடுவுல எங்கடா நின்ன?" என்பதுதான். ஷெட்டில் எனக்குக் கிலோமீட்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இன்னும் மோசமான பெயர் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருமுறை ஒரு டிரைவர் அரை நாள் பிந்தி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றான். எனக்கே காது குத்துகிறாயா என்று சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பொம்பளை ஷெட் வாசலில் வந்து நின்றாள். என் புருஷனைக் காப்பாற்றின டிரைவரைப் பார்க்கணும் என்றாள். அவளையும் அவன்தான் பேசிப் பழக்கி அனுப்பியிருப்பான். அப்படி ஒருத்தன் இங்கே இல்லை என்று கேட்டைச் சாத்தினேன். ஏமாறுவதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

என் தம்பி என்னைப் போல் இல்லை. யார் என்ன சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவன் மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதும் கூடத்துச் சுவரில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டினான். ஒன்று நம் நேரம், இன்னொன்று மகன் இருக்கிற ஊர் நேரம். சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அவன் பல்லு விளக்குவான்" என்பான். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு நேரம் என்று நான் கேட்டால் சிரிப்பான். அந்தப் பையனுக்குச் சின்ன வயதில் வாத்து என்று பெயர் வைத்தவன் நான். காலை அகட்டி அகட்டி நடப்பான். வாத்து பறந்தே போய்விட்டது என்று ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தம்பி ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு மூத்தவன் நான். என் சொல்லுக்கு அந்த வீட்டில் மறு சொல் கிடையாது. குளிர்பெட்டி வரவழைத்தேன். கூடத்தில் சோபாவை ஒதுக்கிவிட்டு, இரண்டு கடிகாரத்துக்கும் கீழே பெட்டியை வைத்தோம். தம்பி பெண்டாட்டி பெட்டியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூச்சு படிந்தால் துடைப்பாள், மறுபடி குனிந்து பார்ப்பாள், மறுபடி மூச்சு படியும்.

மகனுக்குப் போன் போட்டது தம்பியின் மருமகன், மகளைக் கட்டியவன். போன் ரிப்பேர் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிற வேலை அவனுக்கு. சோறு தின்னும்போதும் இடது கையில் போன் இருக்கும். பேச்சை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். அந்தப் பக்கம் வாத்து கொஞ்ச நேரம் அழுதான். நான் இருமினேன்.

"பெரியப்பா, டிக்கெட் போட்டுட்டேன். நம்ம ஊரு நேரத்துக்கு மத்தியானம் கிளம்பிடுவேன். நாளைக்கு சாயங்காலம் வீட்டுல இருப்பேன். அதுவரைக்கும் அப்பாவை எடுத்துடாதீங்க."

"மத்தியானம் கிளம்பி நாளைக்கு சாயங்காலமா? நடந்தா வர?"

"தூரம் பெரியப்பா. இருபத்தொம்போது மணி நேரம் ஆயிடும்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "அந்த ரெண்டு ஏர்ப்போர்ட்டையும் உன் போன்ல போடு. எவ்வளவு தூரம்னு பாரு."

அவன் தட்டினான். பூமிப் படம் வந்தது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் வில் மாதிரி வளைத்து ஒரு கோடு. "பறக்கிற தூரம் பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்னு போட்டிருக்கு மாமா. பறக்கிற நேரம் பதினஞ்சு மணி நேரம்."

"வேகம் போட்டிருக்கானா?"

"தொள்ளாயிரம்."

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பதினைந்துதான் வந்தது. மிச்சம் பதினான்கு மணி நேரம். ஒரு டிரைவர் என்னிடம் மூன்று மணி நேரம் திருடியிருக்கிறான், ஐந்து மணி நேரம் திருடியிருக்கிறான். பதினான்கு மணி நேரத்தை முழுசாக விழுங்கப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான்.

"போனு பதினஞ்சுங்குது. நீ இருபத்தொம்போதுங்கிற. நடுவுல எங்க நிக்கப் போற?"

"நேரா ஃப்ளைட் கிடையாது பெரியப்பா. ஒரு எடத்துல எறங்கி மாறணும். அங்க ஒம்போது மணி நேரம் வெயிட் பண்ணணும்."

"ஒம்போது மணி நேரம் அங்க என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாது. சும்மா உக்காந்திருப்பேன்."

"அப்படிச் சொல்லு" என்றேன். ஷெட்டில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போனை வைத்த பிறகு மாப்பிள்ளை மெதுவாக வாயைத் திறந்தான். "மாமா, இந்தக் கோடு சும்மா கணக்குக்குப் போடுறது. கீழ சின்ன எழுத்துல, நேர் விமானம் இல்லைன்னு போட்டிருக்கான்."

"போகாத ரோட்டுக்கு எவனாவது கிலோமீட்டர் கல்லு நடுவானா?"

"இது ரோடு இல்ல மாமா…"

"பெரிய எழுத்துல உண்மையப் போட்டுட்டு சின்ன எழுத்துல பொய்யப் போடுவான். அதைப் படிக்கிறதுக்குன்னே உன்ன மாதிரி நாலு பேரு. போயி நாற்காலி எடுத்துப் போடு, ஆளுங்க வர்றாங்க."

போனான். அவன் குணம் அது. திருப்பிப் பேசத் தெரியாதவன். அப்புறம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

நான் மின்மயானத்துக்குப் போய் நேரம் கேட்டேன். மறுநாள் காலை பதினொரு மணி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாள் காலையும் காலியாகத்தான் இருந்தது. நான் பதினொன்றைச் சொன்னேன். மத்தியானம் கிளம்புகிறவன் பதினைந்து மணி நேரத்தில் விடிவதற்குள் இறங்கிவிடுவான். அதற்கு மேலும் எத்தனையோ மணி நேரம் விட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்த டிரைவருக்கும் நான் இவ்வளவு தாராளம் காட்டியது கிடையாது.

தம்பி பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்ததும் பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். என் எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. எப்போதும் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பு இருக்கும். அன்றைக்கு முழுசாக வந்து நின்றாள்.

"அத்தான், ஒரு நாளு. ஒரே நாளு பொறுங்க. அவன் அப்பா மொகத்தைப் பாத்துடட்டும்."

"வர்றவனுக்கு ஒரு நாளு எதுக்கும்மா? பதினஞ்சு மணி நேரம் போதும்."

"அவன் பொய் சொல்ல மாட்டான் அத்தான்."

"அம்மாகிட்ட எவன் பொய் சொல்றான்னு எந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு?"

அவள் குளிர்பெட்டிக்காரனைப் பார்த்தாள். அவன் மிச்ச ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "பெட்டி தாங்குமாப்பா?" என்று கேட்டாள்.

"நாலு நாளு கூடத் தாங்கும்மா. அவசரமே இல்ல."

"அவன் பெட்டி, அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றேன். "நாலு நாளு வெச்சு வேடிக்கை பாக்க இது என்ன கண்காட்சியா? என் தம்பி அவன். எனக்குத் தெரியும் அவனை எப்ப அனுப்பணும்னு."

அவள் என் காலில் விழப் போனாள். நான் பின்னுக்கு நகர்ந்துகொண்டேன். காலைப் பிடிக்கிறவர்களை நம்பக் கூடாது. பிடித்த பிறகு நாம் அசைய முடியாது. சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பெரியவர் சொன்னால் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று ஒருத்தர் முனகினார். அந்த வீட்டில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்தது. வாத்து வரவில்லை. எட்டு மணி ஆயிற்று, வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் வாசலுக்கு ஓடினாள். பால்காரன் வந்தான், பக்கத்து வீட்டுக்கு வாட்டர் கேன் வந்தது. நான் மணியைப் பார்த்துவிட்டு, "பாத்தியா?" என்றேன்.

மயானத்தில் உயரமான ஒரு கூடம். சிமெண்டுத் தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டை, அதன் மேல் சக்கரம் வைத்த தட்டு, கடைசியில் ஒரு இரும்புக் கதவு. அங்கே இருந்த வேலைக்காரன் முழங்கை வரைக்கும் உறை போட்டிருந்தான். அவனுடைய வழக்கம் என்னவென்றால், எல்லோரும் பார்த்தாயிற்றா என்று கேட்பான். வீட்டுக்காரர் ஒருத்தர் ஆச்சு என்று வாயால் சொல்ல வேண்டும். தலையசைத்தால் செல்லாது. சொன்ன பிறகு அவரே ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் யாரும் வந்து அவன் மேல் சண்டைக்கு நிற்கக் கூடாது என்பதற்காக அவன் பண்ணிய ஏற்பாடு. சூட்சுமக்காரன். எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாரும் பாத்தாச்சா?"

"பையன் இன்னும் வரல" என்றாள் தம்பி பெண்டாட்டி.

வேலைக்காரன் என்னைப் பார்த்தான். "வேணும்னா நாளைக்குக் காலையில வெச்சிக்கலாங்கய்யா. காலியாத்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து தம்பி மகள் கையிலிருந்த போன் அடித்தது. வாத்துதான். முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டிருந்தான். அவள் போனைத் தட்டுக்கு மேலே பிடித்தாள். அவன் அப்பாவைப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். சின்னக் குரலில்தான் கூப்பிட்டான். பிறகு, "பெரியப்பாகிட்ட குடு" என்றான்.

நான் போனை வாங்கினேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அழுகிற முகத்தை எவன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். டிரைவர் போன் பண்ணினால் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்டுப் பழகிய காது என்னுடையது. இப்போது கண்ணுக்கும் அந்த வசதி வந்துவிட்டது. வரிசையாக நாற்காலிகள். பையைத் தலைக்கு வைத்து நான்கு பேர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வாத்துவின் கையில் ஒரு காகிதக் கோப்பை.

"உக்காந்திருக்க."

"ஆமா பெரியப்பா. அடுத்த ஃப்ளைட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஏறிட்டா அஞ்சு மணி நேரம்தான். சாயங்காலம் வந்துடுவேன். தயவு செஞ்சு—"

"கையில என்ன?"

அவன் கையைப் பார்த்தான். கோப்பை இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி விழித்தான். நல்ல நடிப்பு. "காபி பெரியப்பா. யாரோ வாங்கிக் குடுத்தாங்க."

"யாரு?"

"தெரியாது. பக்கத்துல இருந்தவங்க. நான் அழுதிட்டிருந்தேன்னு…"

நான் போனை எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டினேன். "பாருங்க. நல்லா பாருங்க. அப்பன் இங்க தட்டுல கெடக்கான். புள்ள உக்காந்து காபி குடிக்கிறான்."

"பெரியப்பா, நேரா வர்ற பிளேனே இல்ல, அது வெறும் கோடு, படத்துல போட்ட கோடு, நான் சொல்றதைக் கேளுங்க—"

போனில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். பிறகு வேலைக்காரனிடம், "ஆச்சு" என்றேன். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

தட்டு நகர்ந்தது. இரும்புக் கதவு தானாகத் தூக்கிக்கொண்டு, தானாக இறங்கியது. போன் என் கையில் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி பெண்டாட்டி கதவுக்கு வெளிப்பக்கம் இருந்த கைப்பிடியைத் தொட்டாள். வேலைக்காரன், "சுடும்மா" என்று அவள் கையை எடுத்துவிட்டான்.

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் வாத்து வந்தான். அவன் சொன்ன நேரத்தைவிடக்கூடக் கொஞ்சம் தாமதம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் டாக்சி நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். காலை அகட்டி, சின்ன வயதில் நடந்த அதே நடை நடந்து வந்தான். உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் வீங்கிப்போய் ஷூ பிதுங்கிக்கொண்டு இருந்தது. கழற்றப் பார்த்தான், வரவில்லை. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். அப்போதும் வரவில்லை. குதிகாலைப் பிடித்து இழுத்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷூ கழன்றதும் அவள் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டியைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தண்ணீர் சொட்டிச் சதுரமாக ஒரு கறை தெரிந்தது. வாத்து அதைப் பார்த்தான். பிறகு சுவரில் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தான்.

"பெட்டி எத்தனை நாள் தாங்கும்னு சொன்னாங்க?" என்று கேட்டான். யாரைக் கேட்கிறான் என்று தெரியவில்லை.

"நாலு நாளு" என்றான் மாப்பிள்ளை. திருப்பிப் பேசத் தெரியாதவன், இதற்கு மட்டும் பட்டென்று பதில் சொல்கிறான்.

"மயானத்துல நாளைக்கும் எடம் காலியா இருந்துச்சாமே."

"இருந்துச்சு" என்றேன் நான். "நான் எதையும் மறைக்கலையே. பதினஞ்சு மணி நேரம்னு போட்டிருந்தான். அதுக்கு மேலயும் நேரம் குடுத்தேன். நீ வரல."

அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். சண்டை போடுகிறவனிடம் பாதியாவது உண்மை இருக்கும். இவன் சாதாரணமாகப் பேசினான். "சரி பெரியப்பா. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பிரச்சினையே வராது. வந்தாத்தானே லேட்டாகும்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. சாவு வீட்டில் சிரிக்கிறான். இவர்கள் லட்சணம் இதுதான்.

"என்னைத் தூக்கிப் போட நாலு பேரு இங்கயே இருக்கான்" என்றேன்.

"யாரு?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறவன் மாதிரியே கேட்டான்.

நான் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை போனைப் பார்த்தான். மகள் ஜன்னலைப் பார்த்தாள். பெரியவர் சொன்னால் அர்த்தம் இருக்கும் என்று நேற்று சொன்ன ஆள் செருப்பைத் தேடுகிற மாதிரி எழுந்து வெளியே போனார்.

தம்பி பெண்டாட்டி மகன் காலை மடியிலிருந்து இறக்காமலே தலையை நிமிர்த்தினாள். "எந்திரிச்சுப் போங்க" என்றாள். அத்தான் என்ற வார்த்தை அதில் இல்லை.

எழுந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, மெதுவாகத்தான் எழ முடிந்தது. யாரும் கை கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வாசலில் அந்த டாக்சி இன்னும் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பின்பக்கம் திறந்து வாத்துவின் சூட்கேஸை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். பழக்கம் விடுமா? நின்றேன்.

"பையன் எத்தனை மணிக்கு வெளிய வந்தான்?"

"அஞ்சரை இருக்கும்யா."

"அங்கேருந்து இங்க எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"இப்ப ஏழு அடிக்கப் போகுது. மிச்ச நேரம் எங்க போச்சு? நடுவுல எங்க நின்ன?"

அவன் சூட்கேஸைக் கீழே வைத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "நான் எங்கயும் நிக்கலைங்க. அவருதான் மயானத்துக்கிட்ட நிறுத்தச் சொன்னாரு. கேட்டு பூட்டியிருந்துச்சு. ஆளுங்கல்லாம் போயிட்டாங்க போல. கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. நானும் பாவமா இருக்குதேன்னு அவரைக் கூப்பிடல."

"நின்னானா?"

"நின்னாருங்க."

"அதைச் சொல்லு" என்றேன்.

தெருவில் இறங்கி நடந்தேன். பின்னால் அவன் ஏதோ கேட்டான், யாருங்க நீங்க என்றோ என்னவோ. நான் திரும்பவில்லை. பதின்மூவாயிரத்து நானூறைத் தொள்ளாயிரத்தால் இன்னொரு தடவை வகுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். பதினைந்துதான் வருகிறது.